வீடு திரும்பிய ஒலிப்பதிவுக் கூடம்

ஒருவர் தம் குரலோடு தாமே சேர்ந்து இருகுரற் பாட்டுப் பாட முடியுமா? வீணை வாசிக்கும் ஒருவர் அதே பாட்டுக்கு மிருதங்கமும் வாசித்துத் தமக்குத் தாமே பக்கத்துணையாக அமைய இயலுமா? நம் பாட்டனார் காலத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், கேட்டவரைச் சற்றே இரக்கத்தோடு பார்த்திருப்பார்கள். இன்றோ ஒரு கணினியும், ஒரு சிறு மிக்ஸரும், ஓரிரு மைக்குகளும் உள்ள எந்த அறையிலும் இது நாள்தோறும் நடைபெறுகின்றது. முதலில் தம்பூராவின் சுருதியைப் பதிந்துகொள்கிறார்கள். அதனைக் காதில் கேட்டுக்கொண்டே வீணையை வேறொரு தடத்தில் பதிகிறார்கள். அவ்விரண்டையும் கேட்டுக்கொண்டே மூன்றாவது தடத்தில் மிருதங்கம். ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கிறது; ஒன்றைத் திருத்தினால் மற்றொன்றுக்கு ஊறு இல்லை. இதனைப் பல்தட ஒலிப்பதிவு என்று சொல்லலாம். மிக்ஸர் என்றதும் மாலைத் தேநீரோடு வரும் தின்பண்டம் நேயர்களுக்கு நினைவு வந்தால் அது குற்றமன்று. 'ஒலிக்கலவைப் பொறி' என்று நல்ல தமிழில் சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அதைக் கையாளுகிறவர்கள் எல்லோரும் மிக்ஸர் என்றே சொல்வதால், நானும் அவ்வாறே சொல்லிச் செல்கிறேன்.

இந்தக் கலை எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரே விடையைச் சொல்வார்கள். பெரும் பணம் படைத்த நிறுவனங்களின் கூடங்களில் இது பிறந்தது, பின்னர் பொறிகள் மலிந்தன, கணினி வந்தது, கூடம் சுருங்கி வீட்டுக்குள் புகுந்தது என்பது அந்த விடை. கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் வரலாறு அவ்வாறு நடக்கவில்லை. பல்தட ஒலிப்பதிவு வீட்டிலேதான் உருப்பெற்றது. ஒரு வீட்டின் கார்க்கொட்டகையில் வளர்ந்து, கூடங்களுக்குச் சென்று அங்கே செல்வாக்கோடு சில காலம் வாழ்ந்து, மீண்டும் வீடு திரும்பியிருக்கிறது. அந்தப் பயணத்தையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

எடிசன் போனோகிராபை 1877-ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதன் பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒலிப்பதிவு என்பது ஒரு பெரிய ஊதுகுழாயின் முன்னே கூட்டமாக நின்று கத்துவதாகவே இருந்தது. உரத்த ஒலியுடைய வாத்தியம் பின்னே நிற்க வேண்டும். மெல்லிய ஒலி முன்னே வர வேண்டும். கலக்கும் வேலையை நடந்துதான் செய்தார்கள். 1925-இல் மைக்கும் மின்முறைப் பதிவும் வந்த பிறகு ஒலியின் தரம் உயர்ந்ததே தவிர, அடிப்படை விதி மாறவில்லை. பாடுவோர், வாசிப்போர் அனைவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். ஒருவர் பிழைத்தால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும்.

இந்த விதியை மீற முயன்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சிட்னி பெஷே என்னும் ஜாஸ் கலைஞர். 1941-ஆம் ஆண்டு ஏப்ரலில், விக்டர் நிறுவனத்துக்காக 'ஷேக் ஆப் அரபி' என்ற பாட்டில் கிளாரினெட், இருவகை சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம் ஆகிய ஆறு வாத்தியங்களையும் அவர் ஒருவரே வாசித்தார். ஒரு தட்டில் முதல் வாத்தியத்தைப் பதிந்து, அதை ஓடவிட்டு அதனுடன் இரண்டாவதை வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொரு தட்டில் பதிந்து, இப்படியே படி ஏறிச் சென்றார்கள். ஒவ்வொரு படியிலும் முந்தைய ஒலி மீண்டும் ஒருமுறை நகலாகிறது. நகலுக்கு நகல் இரைச்சல் கூடுகிறது. நகலெடுத்த கடிதத்தை மறுபடியும் நகலெடுத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முதலில் வாசித்த வாத்தியம் கடைசியில் மூடுபனிக்குள் நிற்பதுபோல் கேட்கும். எனவே அந்த முயற்சி ஒரு வியப்பாகவே நின்றுவிட்டது, முறையாக வளரவில்லை.

முறையாக வளர்த்தவர் லெஸ் பால். 1915-இல் விஸ்கான்சின் மாநிலத்து வாக்கிஷா நகரில் பிறந்த கிட்டார் கலைஞர் இவர். கிட்டார் மீட்டுவதில் எவ்வளவு ஆர்வமோ, அவ்வளவு ஆர்வம் கம்பிகளையும் திருகாணிகளையும் பிரித்துப் பார்ப்பதிலும் இருந்தது. ஹாலிவுட்டில் தாம் வசித்த வீட்டின் கார்க்கொட்டகையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். தட்டில் பள்ளம் கீறும் எந்திரத்துக்குச் சீரான சுழற்சி வேண்டும். அதற்குக் காடிலாக் காரின் கனத்த சுழல்சக்கரம் ஒன்றை எடுத்துப் பொருத்திக்கொண்டார். தட்டுகளைக் கொண்டே பெஷே செய்ததைச் செய்தார். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கூடத்திலே மணிக்கணக்குப் பார்த்து வாடகை கொடுத்துச் செய்ய வேண்டியதை, அவர் தம் வீட்டிலே நள்ளிரவு வரையிலும் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் செய்தார். சில பகுதிகளைப் பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஓட்டி, எந்த விரலும் எட்டமுடியாத உயரத்தில் கிட்டாரை ஒலிக்கச் செய்தார். எட்டுக் கிட்டார்கள் ஒலிக்கும் 'லவர்' என்ற தட்டைக் காபிடல் நிறுவனம் 1948-இல் வெளியிட்டது. எட்டும் அவரே. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கார் விபத்தில் அவருடைய வலக்கை முறிந்தது. இனி மடக்க இயலாது என்று மருத்துவர்கள் சொன்னபோது, கிட்டார் பிடிப்பதற்கு வாகான கோணத்திலேயே எலும்பைப் பொருத்தித் தருமாறு கேட்டுக்கொண்டார் என்பது இசையுலகம் அறிந்த செய்தி.

இதற்கிடையே ஜெர்மனியிலிருந்து ஒரு புதுமை வந்து சேர்ந்தது. பிரிட்ஸ் ப்லோய்மர் என்பவர் 1928-இல் காகிதப் பட்டையில் இரும்புத் தூளைப் பூசி ஒலியைப் பதியும் முறைக்கு உரிமம் பெற்றார். அதனை வளர்த்து மேக்னடோபோன் என்னும் பொறியை 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைத்தார்கள். போர் முடிந்தவுடன் ஜாக் மல்லின் என்ற அமெரிக்கப் படைத்துறைப் பொறியாளர், பாட் நவுஹைம் என்ற ஊரிலிருந்த வானொலி நிலையத்தில் இப்பொறியின் தெளிவைக் கேட்டுத் திகைத்தார். இரண்டு பொறிகளையும் ஐம்பது நாடாச் சுருள்களையும் தாயகத்துக்கு அனுப்பி, 1946-இல் சான் பிரான்சிஸ்கோவில் பொறியாளர்கள் முன் இயக்கிக் காட்டினார்.

அதை உடனே பற்றிக்கொண்டவர் பாடகர் பிங் கிராஸ்பி. அவருக்கு இருந்த தொல்லை வானொலிக்காரர்களுக்கு நன்கு தெரிந்ததே. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வேறுபாடு உண்டு. ஆகவே ஒரே நிகழ்ச்சியை ஒரே நாளில் இரண்டு முறை நேரடியாக நடத்த வேண்டியிருந்தது. தட்டில் பதிந்து ஒலிபரப்பினாலோ நேயர்கள் வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். 1947 அக்டோபரிலிருந்து அவருடைய நிகழ்ச்சி நாடாவிலிருந்து ஒலித்தது. பதிந்ததா, நேரடியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனம் அமெரிக்காவிலேயே நாடாப்பொறி செய்ய ஐம்பதாயிரம் டாலர் அளித்துத் தூக்கிவிட்டவரும் அவரே. கோல்ப் விளையாட நேரம் வேண்டும் என்பதற்காகவே அவர் இவ்வளவும் செய்தார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் கோல்ப் விளையாட்டுக்கு இசையுலகம் கடன்பட்டிருக்கிறது.

1949-இல் அந்த ஆம்பெக்ஸ் பொறிகளுள் ஒன்றைக் கிராஸ்பி, லெஸ் பாலுக்குப் பரிசளித்தார். பரிசு வந்ததும் லெஸ் பால் செய்த வேலை, அதில் ஒரு மாற்றம். நாடாப்பொறியில் நாடா மூன்று காந்தத் தலைகளைக் கடந்து செல்லும். முதல் தலை பழையதை அழிக்கும். அடுத்தது புதியதைப் பதியும். மூன்றாவது பதிந்ததைப் படித்துக் காட்டும். லெஸ் பால் அழிக்கும் தலைக்கும் முன்னால், படிக்கும் தலை ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினார். நாடாவில் உள்ள பழைய ஒலி, அழிவதற்கு ஒரு நொடி முன்பாக அந்தத் தலையில் படிக்கப்பட்டு, அப்போது வாசிக்கும் புதிய கிட்டாருடன் கலந்து, அதே நாடாவில் உடனே மறுபடியும் பதியப்பட்டது. இரண்டு பொறிகள் செய்ய வேண்டிய வேலையை ஒரே பொறி செய்தது. அதைப் பெட்டியில் வைத்துக் காரில் ஏற்றி எங்கும் கொண்டு செல்லலாம்.

ஆனால் இதிலுள்ள அபாயத்தை எண்ணிப் பாருங்கள். பழையது அழிந்துகொண்டே வருகிறது. ஐந்து அடுக்குகள் நன்றாக அமைந்து, ஆறாவது அடுக்கில் கடைசி அடியில் விரல் வழுக்கினால், ஐந்தும் போயின. திரும்ப முதல் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டும். லெஸ் பாலும் அவர் மனைவி மேரி போர்டும் இந்தக் கத்திமுனையில் நின்றுதான் பல பாட்டுகளைப் பதிந்தார்கள். நகலுக்கு நகல் தேய்வு உண்டு என்பதால், முக்கியமற்ற பகுதிகளை முதலிலும், முதன்மையான குரலையும் கிட்டாரையும் கடைசியிலும் பதிந்தார்கள். வீடு கட்டுகிறவன் கூரையை மனத்தில் வைத்துக்கொண்டு அடித்தளம் போடுவதுபோல், முழுப் பாட்டையும் தலைக்குள் கட்டி முடித்த பிறகே முதல் சுரத்தைத் தொட முடியும். 1951-இல் வெளிவந்த 'ஹவ் ஹை த மூன்' இவ்வாறு உருவானதே. அது ஒன்பது வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியில் நின்றது. வீட்டில் இருவர் செய்த பதிவு, பெருங்கூடங்களின் இசைக்குழுக்களைப் பின்தள்ளியது.

அழியாமல் அடுக்க வேண்டுமானால் அகன்ற நாடாவில் பக்கம்பக்கமாகப் பல தடங்கள் வேண்டும். அகன்ற நாடாவும் பல தலைகளும் செய்வது ஆம்பெக்ஸுக்கு அரிதன்று. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பதியும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் இடையே சிறிது தூரம் உண்டு. ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நாடா விநாடிக்குப் பதினைந்து அங்குலம் ஓடுகிறது. முதல் தடத்தைப் படிக்கும் தலையில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தைப் பதியும் தலையில் பதிந்தால், இரண்டும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு விலகி நிற்கும். தாளம் அறிந்த எந்தக் காதும் அதைப் பொறுக்காது. ஆம்பெக்ஸின் ராஸ் ஸ்னைடர் இதற்கு எளிய வழி கண்டார். பழைய தடத்தைக் கேட்பதற்குப் பதியும் தலையையே அந்த நேரத்துக்கு மட்டும் படிக்கும் தலையாகப் பயன்படுத்தினால் என்ன? கேட்பதும் பதிவதும் ஒரே கோட்டில் அமைந்துவிடும். கேட்கும் ஒலி சற்று மங்கலாக இருக்கும். இருந்தால் என்ன, வாசிப்பவருக்குத் தாளம் தெரிந்தால் போதும். செல்-சிங்க் என்று பெயர் பெற்ற இந்த முறையோடு, ஓரங்குல நாடாவில் எட்டுத் தடங்கள் கொண்ட பொறி 1957-இல் நியூஜெர்சியில் மாவா என்னும் ஊரிலிருந்த லெஸ் பாலின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. விலை பத்தாயிரம் டாலர். எட்டுக்கால் உடையதாகையால் அதற்கு ஆக்டோபஸ் என்று பெயரிட்டார்கள். உலகின் முதல் எட்டுத் தடப்பொறி நிறுவனத்தின் கூடத்துக்குச் செல்லவில்லை, ஒரு வீட்டுக்குச் சென்றது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

அடுத்த ஆண்டே அட்லாண்டிக் நிறுவனத்தின் பொறியாளர் டாம் டவுட் நியூயார்க்கில் அத்தகைய பொறியை நிறுவச் செய்தார். பிறகு கூடங்களின் காலம் வந்தது. லண்டன் ஆபி ரோட்டில் நான்கு தடப் பொறிகளைக் கொண்டு பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் செய்த 'சார்ஜன்ட் பெப்பர்' பதிவு பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. நான் சேர்க்க வேண்டியது ஒன்றுமில்லை. அக்குழுவின் பால் மக்கார்ட்னி பின்னர் செய்ததே நம் பொருளுக்கு நெருக்கமானது. குழு கலையும் தறுவாயில், 1969-ஆம் ஆண்டு இறுதியில், அவர் தம் லண்டன் வீட்டுக்கு ஒரு நான்கு தடப் பொறியைத் தருவித்தார். மிக்ஸர் இல்லை. ஒலியின் அளவைக் காட்டும் முள்ளும் இல்லை. மைக்கின் கம்பியை நேரே பொறியின் பின்புறத்தில் சொருகினார். ஒலி அளவுக்கு மிஞ்சினால் மைக்கைத் தள்ளி வைத்தார். டிரம்மின் ஓசையும் குரலும் ஒத்துவர இடம் மாறி மாறி வைத்துப் பார்த்தார். ஊதுகுழாய்க் காலத்துக் கலைஞர்கள் முன்னும் பின்னும் நடந்தார்களே, அதே கலை. 1970-இல் அந்தத் தட்டு வெளிவந்தது.

மிக்ஸர் என்பது எதற்கு என்பதை இந்தச் செய்தியைவிட வேறெதுவும் நன்றாக விளக்காது. பல வாய்க்கால்களில் வரும் ஒலிகளை ஏற்று, மெலிந்ததைப் பெருக்கி, மிகுந்ததைக் குறைத்து, எதை எந்த வழியே அனுப்புவது என்று தீர்மானிக்கும் மடைதான் மிக்ஸர். பதியும் பொறி ஏரி என்றால் மிக்ஸர் மதகு. மதகு இல்லாமலும் நீர் பாய்ச்சலாம். மண்வெட்டியோடு வயலெல்லாம் ஓடவேண்டும்.

ஏரியையும் மதகையும் ஒரே பெட்டிக்குள் வைத்தது ஜப்பானின் டியாக் நிறுவனம். பிலிப்ஸ் 1963-இல் வெளியிட்ட சிறு காசெட்டை நாம் எல்லோரும் அறிவோம். அதில் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு என்று நான்கு தடங்கள் உண்டு. நான்கையும் ஒரே திசையில், இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் என்ன என்று கேட்டார்கள். ஒரு மணி நேரக் காசெட்டு கால் மணிக்கே வரும். ஆனால் கையளவு நாடாவில் நான்கு தடம் கிடைக்கும். சிறு மிக்ஸரையும் உடன் இணைத்து 1979-இல் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற பெயரில் அதை விற்றார்கள். ஒரு மேசையில் அடங்கும். வீட்டு ஒலிப்பதிவை உண்மையில் பொதுமக்களுக்கு வழங்கியது கணினியன்று, இந்தப் பெட்டியே என்பது என் துணிபு.

1982 ஜனவரித் தொடக்கத்தில், நியூஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்னும் சிற்றூரில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் ஓர் அறையில், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அத்தகைய பெட்டியை வைத்துக்கொண்டு அமர்ந்தார். இரண்டு சாதாரண மைக்குகள். இரண்டு தடங்களில் கிட்டாரும் குரலும். மற்ற இரண்டில் வாய்ஆர்மோனியம், இன்னொரு குரல் என்று தேவைக்கேற்பச் சேர்த்தார். அவர் அப்போதே புகழ்பெற்ற பாடகர். பெருங்கூடங்கள் அவருக்காகக் காத்திருந்தன. தம் குழுவினருக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதிரி வேண்டும் என்பதே அந்தப் பதிவின் நோக்கம். மாதிரிக் காசெட்டை உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சில வாரங்கள் அலைந்தார். பிறகு குழு முழுவதும் நல்ல கூடத்தில், நல்ல பொறிகளோடு அப்பாட்டுகளை வாசித்துப் பார்த்தது. ஒலி சிறந்தது; பாட்டு போய்விட்டது. தனியறையின் தனிமையை நாற்பது பேர் சேர்ந்தாலும் உண்டாக்க முடியாது அல்லவா? கடைசியில் சட்டைப்பைக் காசெட்டிலிருந்தே தட்டைத் தயாரிக்க முடிவு செய்தார்கள். மெலிந்த ஒலியோடு இருந்த அந்நாடாவைத் தட்டில் ஏற்றப் பொறியாளர்கள் பெரும்பாடு பட்டார்கள். 'நெப்ராஸ்கா' என்ற அந்தத் தொகுதி அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்தது.

இனிக் கணினியின் முறை. ஒலியை எண்களாக மாற்றும் குறுந்தட்டு முறை 1982-இல் சந்தைக்கு வந்தது. விநாடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரத்தை அளந்து எழுதிவைப்பது அதன் அடிப்படை. ஒரு தடத்தின் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 53 லட்சம் பைட்டுகள் வேண்டும். எட்டுத் தடத்தில் நான்கு நிமிடப் பாட்டு என்றால் பதினேழு கோடி. 1980-களின் வீட்டுக் கணினிகளில் நினைவுத்தட்டு முழுவதையும் காலி செய்தாலும் அதற்கு இடமிராது. ஆகவே முதலில் கணினி ஒலியைத் தொடவில்லை. 1983-இல் உருவான மிடி என்ற உடன்பாட்டின்படி, மின்வாத்தியங்களுக்கு எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்று ஆணையிட்டு வந்தது. 1989-இல் டிஜிடிசைன் நிறுவனத்தார் மாக்கிண்டாஷ் கணினியில் இரண்டு தடமும், 1991-இல் புரோ டூல்ஸ் என்ற பெயரில் நான்கு தடமும் பதிய வழி செய்தார்கள். அந்த நான்கு தடத்தின் விலை ஆறாயிரம் டாலர். வீட்டுக்காரர்கள் தூர நின்று பார்த்தார்கள். கணினி மலிவதற்குள், வீடியோ காசெட்டில் எட்டுத் தடங்களை எண்களாகப் பதியும் அடாட் என்ற பொறியை அலெசிஸ் நிறுவனம் 1992-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990-களின் தொடக்கத்திலேயே கிரெக் மாக்கி என்பவர் பதினாறு வழி கொண்ட சிறு மிக்ஸரை, கூடங்களின் தரத்தோடு, மேசைமேல் வைக்கும் அளவில் செய்து தந்தார்.

நம் சென்னை இவற்றுக்கெல்லாம் வெளியே நிற்கவில்லை. கோடம்பாக்கத்துக் கூடங்களில் பல பத்தாண்டுகளாகத் திரைப்பாட்டு என்றால், வயலின்காரர்கள் வரிசையும் தாள வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒரே வேளையில் கூடி, ஒரே மூச்சில் பாடி முடிப்பதுதான். 1992-இல் வெளிவந்த 'ரோஜா'வின் இசை, ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட கூடத்தில் அடுக்கடுக்காக உருவானது. அதன் ஒலி வேறாக இருந்ததற்கு இசையமைப்பாளரின் ஆற்றல் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. கூடம் தம் வீட்டில் இருந்ததால் ஒரு ஒலியைத் தேடி எத்தனை இரவும் செலவிடலாம் என்ற வசதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லெஸ் பாலுக்கு அவர் கொட்டகை அளித்த வசதியும் அதுவே.

ஆனால் ஒரே மூச்சில் பாடிய அந்தக் கூட்டத்திலே இருந்தவர்களின் நிலை என்ன? இதை நான் கடந்துபோக விரும்பவில்லை. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தார் 1942 ஆகஸ்டில் ஒலிப்பதிவுக்கே வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிந்த தட்டு வாசிப்பவரின் வேலையைப் பறிக்கிறது, அதற்கு ஈடாக நிதி வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. பெரிய நிறுவனங்கள் பணிய இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பல்தடப் பதிவு அந்த வழக்கை இன்னும் கூர்மையாக்கியது. ஒருவரே பலராகலாம் என்றால், பலருக்கு அழைப்பு வராது. நம் ஊரிலும் சுரக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறமையை ஆயுள் முழுவதும் வளர்த்த வயலின் கலைஞர்கள், கூடத்திலிருந்து வரும் செய்திக்காக வீட்டில் காத்திருக்கும் நாட்கள் பெருகின. பொறியைப் பழிப்பதால் இது தீராது; ஆனால் வீட்டுக் கூடத்தைப் புகழ்வோர் இந்தப் பக்கத்துக் கணக்கையும் எழுதிவைக்க வேண்டும். சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் மூச்சைக் கேட்டு மற்றவர் தம் வில்லைத் தாழ்த்துவார். தனியே அடுக்கும்போது, முன்பு பதிந்தவர் பின்பு வருபவரைக் கேட்பதே இல்லை. பின்பு வருபவர் மட்டுமே விட்டுக்கொடுக்கிறார்.

1990-களின் இறுதியில் வீட்டுக் கணினியே பல தடங்களைத் தாங்கத் தொடங்கியது. ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் கியூபேஸ் 1996-இல் சிறப்பு வன்பொருள் இன்றியே கணினிக்குள் ஒலிகளைக் கலக்கிக் காட்டியது. 2000-ஆம் ஆண்டில் அடாசிட்டி என்ற மென்பொருள் விலையின்றியே கிடைத்தது. தடங்களுக்கு இனி எண்ணிக்கை வரம்பில்லை. ஆனால் ஸ்னைடர் 1957-இல் தீர்த்துவைத்த பழைய வழக்கு, வேறு உருவில் திரும்பி வந்தது.

கணினி குழாயைப்போல் இடைவிடாது ஒலியைக் கடத்துவதில்லை. வாளி வாளியாக மொள்கிறது. வாளி நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். 512 அளவீடு கொண்ட ஒரு வாளி நிரம்ப, விநாடியில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு நேரம் பிடிக்கும். உள்ளே வர ஒரு வாளி, வெளியே செல்ல ஒரு வாளி. ஆக ஏறத்தாழ இருபத்துமூன்று பங்கு. அந்த நேரத்தில் காற்றில் ஒலி எட்டு மீட்டர் சென்றுவிடும். அதாவது, பாடுகிறவர் தம் குரலையே எட்டு மீட்டருக்கு அப்பால் நின்று பாடும் வேறொருவர் குரல்போல ஹெட்போனில் கேட்கிறார். தாளம் தடுமாறாமல் என்ன செய்யும்? வாளியைச் சிறிதாக்கலாம், கணினிக்கு வேறு வேலை குறுக்கிட்டால் மொள்ளத் தவறி, ஒலியில் வெடிப்பு விழும்.

இங்கேதான் கணினி வந்தபின் தேவையில்லை என்று பலர் எண்ணிய மிக்ஸர் தன் இடத்தை மீட்டுக்கொண்டது. பாடகரின் மைக் மிக்ஸருக்கு வருகிறது. அங்கே ஒலி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கணினிக்குச் செல்கிறது. மறுகிளை கணினியைத் தொடாமலே ஹெட்போனுக்குச் செல்கிறது. முன்பு பதிந்த தடங்கள் கணினியிலிருந்து மிக்ஸரின் வேறிரு வழிகளில் வந்து அதே ஹெட்போனில் சேர்கின்றன. குரல் தாமதமின்றிக் கேட்கிறது. பழைய தடங்களோடு பொருந்துகிறது. பதிந்து முடித்ததும், வாளிக்கான நேரத்தைக் கணக்கிட்டு மென்பொருள் புதிய தடத்தைச் சற்றே முன்தள்ளி வைத்துக்கொள்கிறது. மென்பொருளின் வழியே குரலைக் கேட்கும் வசதியை மட்டும் அணைத்துவிட வேண்டும். இல்லையேல் ஒரே குரல் இரண்டு முறை கேட்கும்.

இதில் வீட்டில் அமைப்போர் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. கணினியிலிருந்து திரும்பி வரும் ஒலி, மிக்ஸரின் முதன்மை வாயில் வழியாக மறுபடியும் கணினிக்கே சென்றுவிடக் கூடாது. சென்றால், வீணையைப் பதிய எண்ணிய தடத்தில் தம்பூராவும் சேர்ந்து பதியும். அடுத்த தடத்தில் இரண்டும் சேரும். லெஸ் பால் அரும்பாடுபட்டு விட்டு விலகிய அடுக்குமுறைக்கே திரும்பிவிடுவோம். ஆகவே கணினிக்குச் செல்லும் வாயிலையும் காதுக்குச் செல்லும் வாயிலையும் பிரிக்க வேண்டும். மாக்கியின் சிறு மிக்ஸரில் இதற்கு ஒரு நுட்பம் உண்டு: ஒரு வழியின் ஒலியை அடக்கும் பொத்தானை அழுத்தினால், அவ்வொலி அழிவதில்லை, மூன்று–நான்கு என்று எண்ணிட்ட வேறொரு வாயிலுக்குத் திரும்புகிறது. அதைக் கணினிக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மிக்ஸர் வாங்குவோர் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கணினியோடு நேரே இணையும் மிக்ஸர்களுள் பல, பன்னிரண்டு வழிகள் கொண்டிருந்தாலும் கணினிக்கு இரண்டே தடங்களைத்தான் அனுப்பும். தனியே அடுக்கடுக்காகப் பாடுகிறவருக்கு அது போதும். நான்கு பேர் சேர்ந்து வாசித்து, ஒவ்வொருவரையும் தனித்தடத்தில் வைக்க விரும்புவோருக்குப் போதாது. அவர்கள் ஒவ்வொரு வழியையும் தனித்தனியே அனுப்பும் பொறியைத்தான் தேடவேண்டும்; அப்படிச் செய்கையில் நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார்கள் என்பதால், வீட்டுக் கூடத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க விரும்புவோரிடம் நான் இதையே பரிந்துரைப்பது வழக்கம்.

மிக்ஸர் இல்லாமல் ஒன்றோ இரண்டோ மைக்குகளை மட்டும் ஏற்கும் ஒலிப்பெட்டிகளும் இப்போது ஏராளமாக வருகின்றன. அவற்றுள் பலவற்றின் முகப்பில் ஒரு சிறு குமிழ் காணப்படும். அதை ஒரு கோடிக்குத் திருப்பினால் மைக்கின் ஒலி நேரே காதுக்கு வரும். மறுகோடிக்குத் திருப்பினால் கணினியின் ஒலி வரும். நடுவில் நிறுத்தினால் இரண்டும் கலந்து, ஒரே கணத்தில் கேட்கும்.